பன்னிரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

எட்டு அடிக்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது. வேதநாயகத்தின் தட்டில் ஐந்து தோசை இருந்தது.

"ஏளா சாலோமி, சட்னிய ஊத்து! கரண்டி தேடுத நேரமா இது? அப்படியே சட்டியோட கவுத்து!"

"பையத் தின்னுங்க. புரையேறப் போகுது."

"புரையேறுனா தண்ணி குடிச்சா எறங்கிரும். எட்டு அடிச்சிட்டா ஒண்ணுமே எறங்கக் கூடாது, பாத்துக்க."

ஐந்தாவது தோசையின் கடைசி விள்ளல் உள்ளே போகவும் சுவர்க் கடிகாரம் முதல் அடி அடிக்கவும் சரியாக இருந்தது. வேதநாயகம் கலங்கவில்லை. இன்னும் ஏழு அடி பாக்கி இருக்கிறதே! உரித்துத் தயாராக வைத்திருந்த இரண்டு வாழைப்பழமும் ஏழாவது அடிக்குள் காணாமல் போயின. எட்டாவது அடிக்கு வாயைத் துடைத்துக்கொண்டு, உலகத்தைத் துறந்தவர் முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிஞ்சுது. இனி நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குத்தான். பதினாறு மணி நேரம்! வனாந்தரத்துல தவங்கெடந்த யோவான் ஸ்நானன்கூட இடையில வெட்டுக்கிளி தின்னாரு."

மனைவி சாலோமி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த ஏற்பாடு டாக்டர் டார்லின் சொன்னது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் நடுவில் மட்டும் சாப்பிடுங்கள், மற்ற பதினாறு மணி நேரம் வெறும் தண்ணீர்தான் என்று அந்தப் பெண் சொன்னதென்னவோ உண்மை. ஆனால் வேதநாயகம் மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த முப்பத்து நாலு வருஷத்தில் ஒரே ஒரு தற்செயல் விடுப்பைக்கூட வீணாக்கியதில்லை. கொடுத்த விடுப்பை எடுக்காமல் விடுவது அரசாங்கத்தை அவமதிப்பது என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவர் கையில் எட்டு மணி நேரத்தைக் கொடுத்தால் அதில் ஒரு நிமிடத்தையாவது வீணாக்குவாரா?

பன்னிரண்டுக்குச் சோறு. இரண்டு மணிக்கு முறுக்கு. மூன்றரைக்கு அல்வா. ஐந்துக்கு டீயோடு உளுந்த வடை. ஆறரைக்கு, இருட்டுகிற நேரத்தில் வயிறு வெறுமையாக இருக்கக் கூடாது என்று, முந்திரிக்கொத்து. ஏழே முக்காலுக்குத் தோசை. இதற்கு முன்னால் அவர் வாழ்நாளில் இத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டதே கிடையாது.

மூன்று வாரம் கழித்து எடை பார்த்தார்கள். டார்லினுடைய மருத்துவமனையில் இருந்த எடை இயந்திரம் வேதநாயகம் ஏறியதும் ஒரு முனகல் முனகியது.

"மாமா, ரெண்டு கிலோ கூடியிருக்கு."

"சட்டை கனம்மா. கதர்."

"சட்டை ரெண்டு கிலோவா?"

"சட்டைப் பையில மூக்குக்கண்ணாடியும் இருக்குல்லா."

டார்லின் ஒரு காலத்தில் அவரிடம் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்து நட்சத்திரம் வாங்கியவள். இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"தொண்ணூத்தாறு கிலோ மாமா. சர்க்கரை முன்னைக்கு மேல ஏறி நிக்குது. நான் சொன்னது ரெண்டு வேளைச் சாப்பாடு. நடுவுல ஒண்ணும் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் வாங்க. எடை தொண்ணூறுக்குக் கீழ வரணும், சர்க்கரையும் எறங்கணும். இல்லைன்னா தினம் ஊசிதான், நான் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க அண்ணனுக்கு நடந்தது மறந்துட்டா?"

மறக்கவில்லை. அண்ணனிடம் சர்க்கரை முதலில் ஒரு விரலைக் கேட்டது. பிறகு பாதத்தைக் கேட்டது. பிறகு ஆளையே கேட்டது.

ஊசி என்ற சொல்லும் அவரை விடவில்லை. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத் தேவாலயத்தின் நிழலிலேயே பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே தாலியும் கட்டியவருக்கு ஊசி என்றால் சப்தநாடியும் ஒடுங்கிவிடும். கொரோனாத் தடுப்பூசிக்கு நாலு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அமளியில் நாலு பேரில் ஒருவருக்கு இரண்டாவது முறையாகவும் ஊசி போட்டுவிட்டார்கள்.

வீடு திரும்புகிற ஆட்டோவில் சாலோமி ஒரு வார்த்தை பேசவில்லை. சாலோமி பேசாமல் வருவதும் ஐப்பசியில் தாமிரபரணி வற்றுவதும் ஒன்று. வேதநாயகத்துக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏளா, இந்தத் தடவை நெசமாச் செய்யுதேன். ரெண்டே வேளை. ஆனா ஒண்ணு, தெருவுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கொள்ளுக்கஞ்சி என்று தெரு முழுக்கச் சொன்னார். நாலாம் நாள் டீக்கடையில் பஜ்ஜியோடு பிடிபட்டார். அதற்கு முந்திய வருஷம் வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீர். அது மூன்றாம் நாளே முடிந்தது. அதற்கும் முந்தி அரிசியே தொடமாட்டேன் என்று மொட்டைமாடியில் நின்று அறிவித்தது, அன்று மாலையே ஒரு கல்யாண வரவேற்பில் பிரியாணியில் கரைந்தது. இப்போது அவர் எடை குறைக்கப் போகிறேன் என்றால் தெரு நாய்கூடச் சிரிக்கும்.

மறுநாள், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கே சோதனை வந்தது. பக்கத்து வீட்டுக் கிருபைராஜ் ரூபத்தில் வந்தது. கிருபைராஜ் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம்.

"வே வேதநாயகம்! கடையில முதல் ஈடு வடை. கை பொறுக்காத சூடு. எடும் வே."

வடை வாசனை பொட்டலத்தைத் தாண்டி வந்து வேதநாயகத்தின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"வேண்டாம் வே."

பொட்டலம் கிருபைராஜ் கையிலிருந்து நழுவப் பார்த்தது. நாற்பது வருஷப் பழக்கத்தில் வேதநாயகம் வடையை வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"ஏன் வே? உடம்புக்கு முடியலையா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"அதெல்லாம் இல்ல..." சொல்லிவிடலாமா? சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும். வேதநாயகத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "உபவாசம்."

கிருபைராஜின் முகம் அப்படியே மாறியது. குரல் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இறங்கியது.

"உபவாச ஜெபமா? லெந்து நாள்லா... எத்தனை மணி வரைக்கும்?"

பன்னிரண்டு மணி என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் பெரியம்மா எண்பது வயதில் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தவள்.

"ஆறு மணி வரைக்கும்."

"லெந்து பூராவுமா?"

"பூராவும்."

"நான் உம்ம இத்தனை நாளும் ஒரு தீனிப்பண்டாரம்னுல்லா நினைச்சேன். மன்னிச்சிரும் வே," என்றார் கிருபைராஜ். வடையோடு பின்னாலேயே நடந்து, முதுகைக் காட்டாமல் வெளியே போனார்.

சமையலறைக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சாலோமி செருப்பை மாட்டினாள். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று கிருபைராஜ் வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியவள் கறிவேப்பிலையை மறந்துவிட்டு வந்திருந்தாள்.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சொதியும் சோறும் சாப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. பொய் சொன்னதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. யாரும் எதுவும் தின்னக் கொடுக்கமாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்றும் யாருக்கும் தெரியாது. ரெண்டே வேளை என்று வாக்குக் கொடுத்தது நேற்றுத்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு வயிற்றுக்கு அந்த வாக்கு ஞாபகமில்லை. ஒரே ஒரு முறுக்கு. ஒரு முறுக்கில் என்ன வந்துவிடப் போகிறது?

சாலோமி அடுக்களையில் இருந்தாள். டப்பாவை ஓசைப்படாமல் திறந்தார். முறுக்கை முழுசாக வாய்க்குள் வைத்தார்.

"வேதநாயகம்!"

கிருபைராஜ் முன்னறையில் நின்றார், கையில் வேதாகமத்தோடு.

கடித்தால் சத்தம் கேட்கும். துப்பினால் தெரியும். முறுக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உட்காரும்படி கையைக் காட்டினார்.

"உம்ம உபவாசத்துல நமக்கும் ஒரு விண்ணப்பம் வைக்கணும் வே. என் இடது முழங்கால். ஒரு வார்த்தை ஜெபிச்சிரும்."

"ம்."

"வாய்விட்டு ஜெபிக்கலாமே?"

"ம்... ம்ம்..."

ஊறிக் கரைய இருபது நிமிடம் பிடித்தது, நல்ல முறுமுறுப்பான முறுக்கு. அந்த இருபது நிமிடமும் வேதநாயகம் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். முறுக்கின் முள் மேலண்ணத்தில் குத்தக் குத்தக் கண்ணில் தண்ணீர் வந்தது. கிருபைராஜ் அதைப் பார்த்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. "வேதநாயகம் அண்ணாச்சி இப்பம்லாம் வார்த்தையால ஜெபிக்கதில்ல. பெருமூச்சுதான். கண்ணீர்தான்."

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போயிற்று.

இரண்டு மணிக்குக் கிருபைராஜ் வருவார். அவர் எழுந்து போகவும், அல்வாப் பொட்டலத்தை வேதநாயகம் அலமாரியிலிருந்து எடுக்கவும், மூன்றரைக்குக் கீரைக்காரி மாரித்தாய் கூடையை வாசலில் இறக்குவாள். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து கீரை விற்கிறவள். காலையில் விற்றுவிட்டு மத்தியானமே ஊர் திரும்பிவிடுகிறவள், இப்போது ஏனோ மூன்றரை வரை இந்தத் தெருவிலேயே இருந்தாள்.

"அண்ணாச்சி, எங்க சாமி வேற, உங்க சாமி வேறதான். ஆனா வயித்தக் காயப்போட்டுக் கேட்டா எந்தச் சாமியும் இரங்கும்லா? என் வெள்ளாடு மூணு நாளா எரை எடுக்கல."

ஆட்டுக்கும் ஜெபித்தார். தானும் இரை எடுக்காமல் இருப்பதால் அந்த ஆட்டின் மேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது.

ஐந்து மணிக்குத் தையல்கடை செல்வமணி, கழுத்தில் நாடாவோடு. அவருக்குத் தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஏழுக்கு இரண்டு தோசை ஆனதும், மூன்றாவதுக்கு வேதநாயகம் தட்டை நீட்டும் நேரம் பார்த்து உபதேசியார் எஸ்றா வந்து சேர்ந்தார்.

"உபவாசம் முடிச்சாச்சா? சந்தோஷம். ஒரு சங்கீதம் வாசிச்சு முடிச்சுக்கிடுவோம்."

"சின்னதா எதாவது..."

"நூத்திப் பத்தொன்பது."

வேதாகமத்தில் அதைவிட நீளமான அதிகாரம் கிடையாது. நூற்று எழுபத்தாறு வசனம். எஸ்றா ஒவ்வொரு வசனத்துக்கும் மூச்சு விட்டு, மூக்கைத் துடைத்து, அர்த்தம் சொன்னார். சுவர்க் கடிகாரம் எட்டு அடித்து ஓய்ந்தபோது நூற்று எழுபதாவது வசனம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு காய்ந்து போயிருந்தது.

"பன்னெண்டு மணிச் சோத்துக்கு மட்டும் ஒரு பயலும் குறுக்க வரமாட்டேங்கான், கவனிச்சியா?" என்றார் சாலோமியிடம்.

"கர்த்தருக்குத் தெரியாதா, எப்பம் விடணும், எப்பம் பிடிக்கணும்னு?" என்று சொல்லிவிட்டுச் சாலோமி ஒரு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். வந்தவர்களின் விண்ணப்பங்களை எழுதி வைக்கிறாளாம். நல்ல மனுஷி.

பத்தாம் நாள் வேதநாயகம் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் இருந்தால்தானே வருகிறார்கள்? தன்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய், மரத்தடி டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டே இரண்டு வடை. யோசிக்காமல் வந்து நின்ற முதல் டவுன் பஸ்ஸில் ஏறினார். இறங்கிய பிறகுதான் பலகையைப் பார்த்தார். சீவலப்பேரி.

மூன்று ஆறு கூடுகிற ஊர். காற்று அடித்த அடியில் பசி முப்பது மடங்கானது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வடை அவரைப் பார்த்துச் சிரித்தது. கையை நீட்டினார்.

"யாரு... அண்ணாச்சியா?"

மாரித்தாய். அவளுக்கு அன்று வியாபாரம் இல்லை.

"எங்க ஊருக்கு ஜெபிக்க வந்தியளா? கூப்பிடாமலே வந்துட்டியளே!" என்றவள் கடைக்காரனைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே, பெட்டிய மூடு! அண்ணாச்சி விரதம்! வாசனைகூட ஆகாது!"

கடைக்காரன் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினான். அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். கருது பிடிக்காத வயலுக்கு, கன்று தள்ளிய மாட்டுக்கு, குடியை விடாத மருமகனுக்கு. வயல் வரப்பில் வெயிலில் நாலு கிலோமீட்டர் நடத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜெபிக்க வைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு செம்புத் தண்ணீர். மாரித்தாய் நடுவில் தள்ளிப் போய் யாருக்கோ செல்போனில் பேசிவிட்டு வந்தாள். பஸ் ஏற்றிவிடும்போது, "அக்கா தேடுவாவ, நேரா வீட்டுக்குப் போங்க," என்றாள்.

அடுத்து மேலப்பாளையம். காஜா முகைதீன் மின்வாரியத்தில் அவரோடு ஒரே மேசையில் இருபது வருஷம் இருந்தவர். இப்போது மகனோடு ஓட்டல் நடத்துகிறார். அங்கே உள்ளறையில் உட்கார்ந்து ஒரு பரோட்டா தின்றால் பாளையங்கோட்டைக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றார். கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து காஜா வந்தார்.

"வாரும் வே! ரமலான்லா, சாயந்திரந்தான் கடை. இந்த வருசம் உங்க லெந்தும் எங்க நோன்பும் ஒண்ணா வந்துட்டு. நீரும் பிடிக்கீராமே? கேள்விப்பட்டேன்! மாஷா அல்லா!"

"உமக்கு யாரு சொன்னது?"

"நல்ல காரியம் மறைஞ்சா இருக்கும்? உட்காரும். பாங்கு சொல்லுத வரைக்கும் சேர்ந்தே இருப்போம். சேர்ந்தே நோன்பு திறப்போம்."

மூன்றரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறைவனுக்காகப் பட்டினி, இன்னொருவர் பரோட்டாவுக்காகப் பட்டினி. பாங்கு ஒலித்ததும் காஜா ஒரு பேரீச்சம்பழத்தை அவர் கையில் வைத்தார். ஒன்று. பிறகு ஒரு கிண்ணம் கஞ்சி. தன் வீட்டாருக்குச் சமோசா வரிசையாக வந்ததும், "உமக்குப் பொரிச்சது ஆகாது வே," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இந்தக் கூத்தில் இன்னொன்றும் நடந்தது. வேதநாயகம் எதிர்பாராதது.

கிருபைராஜின் விண்ணப்பங்கள் வரவரத் தேய்ந்துகொண்டே வந்தன. இடது முழங்கால் முடிந்து வலது முழங்கால், பிறகு ஸ்கூட்டரின் கிக்கர், பிறகு வீட்டுப் பூனையின் மந்தம். ஒருநாள் எல்லாம் தீர்ந்துவிட்டது. வேதாகமத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு என்ன வே?"

"ஜோஷுவாவுக்கு ஜெபிக்கலாம்," என்றார் கிருபைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு. மகன் ஜோஷுவா துபாயில் இருக்கிறான். "கிறிஸ்மஸுக்குப் போன்ல சண்ட போட்டோம். நான் கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன். அதுக்குப் பெறகு அவன் பேசல வே. நானும் பேசல. அவன் அம்மா ராத்திரியெல்லாம் போனப் பாத்துக்கிட்டே கெடக்கா."

வேதநாயகத்துக்கு முறுக்கு மறந்துபோயிற்று. அலமாரி அல்வா மறந்துபோயிற்று. அன்றைக்கு அவர் முனகவில்லை. வார்த்தையாகவே, தடுமாறித் தடுமாறி, ஒரு அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நின்று கெஞ்சினார். ஆமென் சொன்னபோது மணி மூன்றாகியிருந்தது. மூன்றாம் நாள் ஜோஷுவா கூப்பிட்டான். கிருபைராஜ் ஓடிவந்து வேதநாயகத்தைக் கட்டிப்பிடித்தார். இடுப்பைச் சுற்றிக் கை எட்டியது இதுதான் முதல் தடவை என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்குப் பொய் உறுத்தத் தொடங்கியது. பசியைவிட மோசமாக உறுத்தியது. சர்க்கரைக்குப் பயந்து பட்டினி கிடப்பவனை இவர்கள் நீதிமான் என்று நினைத்து நெஞ்சைத் திறக்கிறார்களே! நேரே உபதேசியார் எஸ்றாவிடம் போனார்.

"ஐயா, என் உபவாசத்தப் பத்தி ஒரு உண்மையச் சொல்லணும்..."

"ஒரு வார்த்தை சொல்லப்பிடாது!" எஸ்றா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "உபவாசத்த மனுஷருக்குக் காட்டிக்கிடக் கூடாதுன்னு வேதமே சொல்லுது. அந்தரங்கத்துல இருக்கட்டும்."

"இல்லய்யா, நெசத்துல நான்—"

"அந்தரங்கம்! அந்தரங்கம்! வீட்டுக்குப் போங்க. ஏழேகாலுக்கு நான் வாரேன். சங்கீதம் ஆறு வசனம் பாக்கி கெடக்கு."

ஈஸ்டருக்கு முந்திய வாரம் வந்தது. ரத்தம் எடுக்கும்போது வேதநாயகம் பாடிய கீர்த்தனை மருத்துவமனை வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் கேட்டது. பிறகு எடை இயந்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். இயந்திரம் முனகவில்லை.

"எண்பத்தெட்டரை," என்றாள் டார்லின். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சர்க்கரையும் எறங்கிட்டு மாமா. ஊசி வேண்டாம். எப்படிச் செஞ்சிய?"

"ஆண்டவர் செஞ்சார்மா," என்றார் வேதநாயகம். சாலோமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். அழுதாள்தான், ஆனால் அழுகை மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் கூட்டம். கிருபைராஜ், செல்வமணி, எஸ்றா, மேலப்பாளையத்திலிருந்து காஜா முகைதீன், கீரைக் கூடையோடு மாரித்தாய். செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது போலிருந்தது. செல்வமணி கேட்காமலே இடுப்பில் நாடாவைச் சுற்றிப் பார்த்து, "அஞ்சு இஞ்சு பிடிக்கணும் அண்ணாச்சி," என்று முகமெல்லாம் பல்லாக நின்றார்.

இனியும் மறைத்தால் தாங்காது. வேதநாயகம் முற்றத்தின் நடுவில் நின்று கைகூப்பினார்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். நான் இருந்தது உபவாச ஜெபம் இல்ல. சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன பத்தியம். கேலி பண்ணுவியளேன்னு வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டுச் சோறு தின்னேன். கிருபைராஜு, உம்ம இடது முழங்காலுக்கு நான் அழுதது முறுக்கு குத்துனதால. நீங்க எல்லாரும் என்ன நம்பி உங்க கஷ்டத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டுனிய. நான் உங்கள ஏமாத்திட்டேன்."

கிருபைராஜ் இருமினார். செல்வமணி நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். காஜா மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். எஸ்றா வானத்தைப் பார்த்தார். எத்தனை பெரிய இடியை இந்த நல்லவர்கள் தலையில் இறக்கிவிட்டோம் என்று வேதநாயகம் கூப்பிய கையை இறக்கவில்லை. சாலோமி, "காப்பி போடுதேன்," என்று அவசரமாக உள்ளே திரும்பினாள்.

மாரித்தாய்க்கு மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, போகிற சாலோமியைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏக்கா, அண்ணாச்சிக்குத்தான் சுகமாயிட்டுல்லா, நாளையிலேருந்து நீங்க எழுதிக் குடுத்த அந்த மூணரை மணி முறைக்கு நான் வரணுமா, வேண்டாமா?"